ஒரே ராக் குழுவை ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீணா?

ஜூலை 7, 2024, காலை: வாசகர் ஒருவரின் கேள்வி

சென்னையில் ஒரு சுயாதீன ராக் குழு இந்த மாதமும் அடுத்த மாதமும் வெவ்வேறு சிறிய இடங்களில் தொடர்ந்து வாசிக்கிறது. நுழைவுச்சீட்டு நானூறு ரூபாய். அதே நான்கு பேர், ஏறத்தாழ அதே பாடல்கள். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தால் போதாதா? எல்லாவற்றுக்கும் போகிறவர்கள் புதிதாக எதைக் கேட்கிறார்கள்? பாடல்கள் எப்படியும் பிறகு இணையத்தில் வரத்தானே போகின்றன?

ஜூலை 7, இரவு

போதாது என்பதுதான் என் பதில். காரணத்தை நம் ஊர்ப் பழக்கத்திலிருந்தே சொல்லிவிடலாம். மார்கழியில் ஒரு வித்வானை மியூசிக் அகாடமியில் கேட்டவர், அடுத்த வாரம் அவரையே மயிலாப்பூரில் வேறொரு சபாவில் கேட்கப் போனால், "போன வாரம்தானே கேட்டீர்கள்" என்று யாரும் மடக்குவதில்லை. அன்றைய தோடியையும் இன்றைய தோடியையும் கேன்டீன் வரிசையில் நின்றபடி ஒப்பிட்டுப் பேசுவதை நாம் ரசனை என்றே மதிக்கிறோம். கிடாரும் டிரம்ஸும் மேடையேறும்போது மட்டும் அதே பழக்கத்தை வீண்செலவாகப் பார்ப்பது நியாயமில்லை.

நேற்று அடையாற்றில் ஒரு காபிக்கடையின் மாடியில் நடந்த நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். மேடை என்று தனியாக எதுவும் இல்லை. தரையில் ஒரு பழைய கம்பளத்தை விரித்து, அதன்மேல் டிரம்ஸை வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அமர்ந்தவர்களின் முழங்காலுக்கும் கிடார் வாசிப்பவர் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல்கள் பொருத்திய பலகைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அந்தப் பலகை ஏதோ ஒரு சமையலறை அலமாரியிலிருந்து கழற்றிய பிளைவுட் என்பதை அதில் எஞ்சியிருந்த கீல் துளைகள் காட்டின. தெருப்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி என்பதால் சிம்பலின் ஓசை அதில் மோதித் திரும்பிக் கூர்மையாகக் காதில் இறங்கியது.

இரண்டாவது பாடலில் பேஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம், யாரும் தொடாமலே ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகள் கிறுகிறுவென்று அதிர்ந்தன. டிரம்மர் அந்தச் சுரம் வருவதற்கு முன்பு இடக்கையால் அந்தக் கம்பிகளை விலக்கும் விசையை இறக்கி, அது கடந்தவுடன் ஏற்றினார். பாடல் முடியும்வரை, தாளம் பிசகாமல், இதைச் செய்துகொண்டே இருந்தார். எந்த ஒலிப்பதிவும் இதை உங்களுக்குக் காட்டாது.

ஜூலை 8

குழுவின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பாடல்கள் இன்னும் வெளிவரவில்லை. வெளிவரும்வரை பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டாம் என்று அவர்களே வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். கைப்பேசியில் பதிவுசெய்து ஏற்ற வேண்டாம் என்பதும் அவர்களுடைய வேண்டுகோள். பாதி வெந்த பாடலை ஊரறியப் பரப்புவது அவர்களுக்குச் செய்யும் உதவி ஆகாது. அவர்கள் தமிழில் பாடுகிறார்கள், நான்கு பேருமே பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூலை 14

நேற்று நுங்கம்பாக்கத்தில், ஒரு பண்பாட்டு மையத்தின் சிறிய அரங்கில் வாசித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கும் இதற்கும் ஒரு வாரம்தான் இடைவெளி என்றாலும், வேறு குழுவைக் கேட்பது போலவே இருந்தது. இங்கே நாற்காலிகள் உண்டு, திரைச்சீலை உண்டு, ஒலியைக் கவனிக்க ஒருவர் மிக்ஸரின் முன் அமர்ந்திருந்தார். துணியும் மெத்தையும் ஒலியை உறிஞ்சிக்கொண்டதால் காபிக்கடையில் நிரம்பி வழிந்த ஓசை இங்கே ஒடுங்கிப்போனது. அதற்கு ஈடாகப் பாடல் வரிகள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டன. காபிக்கடையில் "கடல்" என்று நான் கேட்டுக்கொண்டிருந்த சொல் உண்மையில் "கடன்" என்று இங்கேதான் தெரிந்தது. அந்தச் சொல்லோடு பாடலின் பொருளே மாறுகிறது. வாடகை வீட்டைக் காலிசெய்கிற ஒருவரைப் பற்றிய பாடல் அது.

இன்னொன்றும் நடந்தது. ஏழு அட்சரத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கையில், அமைந்த ஒரு நீண்ட பாடல் அவர்களிடம் இருக்கிறது. டிரம்மர் அதை நான்கும் மூன்றுமாகப் பிரித்து வாசிக்கிறார். தகதிமி தகிட என்று வரும், நம் கச்சேரித் தாளக் கணக்கில் விலோம சாபு. அந்த அரங்கில் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் கணிசமாக இருந்தார்கள் போலும். பாடல் தொடங்கிய சிறிது நேரத்தில் நடுவரிசையிலிருந்து தாளம் போடும் ஓசை எழுந்தது. அது மிஸ்ர சாபு, மூன்றும் நான்குமாக, தகிட தகதிமி. ஏழு ஏழுதான் என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். ஆனால் உள்ளே அழுத்தம் விழும் இடம் வேறு. மேடை ஒரு பக்கம் இழுக்க, நாற்காலிகள் இன்னொரு பக்கம் இழுக்க, அந்த உரசலில் பாடல் முன்பு இல்லாத ஒரு பரபரப்பைப் பெற்றது. டிரம்மர் தலையைத் தூக்கி, தட்டுகிறவர்கள் இருந்த வரிசையை உற்றுப் பார்த்தார். நானும் அவர்களோடு சேர்ந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15

"கச்சேரியில் மனோதர்மம், அதாவது மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடுவது, உண்டு, ஆலாபனையும் கல்பனாசுரமும் நாளுக்கு நாள் மாறும். ராக் குழு மனப்பாடம் செய்ததைத்தானே வாசிக்கிறது? மார்கழியோடு எப்படி ஒப்பிடலாம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் குழுவில் கிடார் தனியாக வாசிக்கும் இடங்கள் குறைவு, அவையும் பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. ஒரு வித்வான் ஒரே ராகத்தை அரை மணி நேரம் விரிப்பதைப் போன்றது இங்கே நிகழ்வதில்லை.

ஆனால் கச்சேரியில் கீர்த்தனை முடிந்த வடிவம். அதை அமைத்தவர் எப்போதோ அமைத்துவிட்டார். இந்தச் சிறு நிகழ்ச்சிகளில் கீர்த்தனையே இன்னும் முடியவில்லை. பல்லவி எத்தனை முறை வர வேண்டும், எந்த வேகத்தில் தொடங்க வேண்டும், எங்கே எல்லோரும் நிறுத்திவிட்டு ஒரு கிடாரை மட்டும் விட வேண்டும், எப்படி முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் நம் முன்னால்தான் முடிவுசெய்கிறார்கள். காபிக்கடையில் அந்த வாடகை வீட்டுப் பாடல் திடீரென்று நின்றது. நுங்கம்பாக்கத்தில் அதே பாடல் மெல்லத் தேய்ந்து முடிந்தது. என் காதுக்கு முதல் முடிவுதான் சரி. இதை நிகழ்ச்சிக்குப் பிறகு பாடகரிடமும் சொன்னேன், அவர் மறுத்தார். பாடலை எழுதியவரோடு அதன் முடிவைப் பற்றி வாசலில் நின்று வாதாடுவதற்கு எந்தப் பெரிய நிகழ்ச்சியில் இடம் கிடைக்கும்?

ஜூலை 21

நேற்று ஒரு நட்சத்திர விடுதியின் பாரில். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, பெரும்பகுதி வருத்தம்தான்.

பெங்களூரில் ஏராளமான குழுக்கள் வளர்ந்ததற்கும் இங்கே இடத்துக்கு அலைவதற்கும் உள்ள காரணங்களில் ஒன்று மதுவிலக்குச் சட்டமும் உரிம முறையும்தான். டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை விட்டால், தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும்தான் கிடைக்கிறது; தெருமுனையில் ஒருவர் சொந்தமாகச் சிறிய பப் திறந்து, ஓரத்தில் ஒரு மேடை போட்டு, வாரம் ஒரு குழுவை அழைக்கும் வழி இங்கே இல்லை. ஆகவே மின்கருவிகளோடு சத்தமாக வாசிக்க வேண்டுமானால் விடுதி பார், அது வேண்டாமென்றால் காபிக்கடை, பண்பாட்டு மையம், மொட்டை மாடி என்று குழுக்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. விடுதி பாரில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. இந்தக் குழுவின் பாடல் வரிகளை வாய்விட்டுப் பாடுகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் படிப்பவர்கள். நேற்று அவர்கள் யாரும் உள்ளே இல்லை.

உள்ளே இருந்தவர்களில் பலர் குழுவுக்காக வந்தவர்கள் அல்லர். சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பாடல் முடிந்ததும் விடுதியைச் சேர்ந்த ஒருவர் மேடைக்கு வந்து பாடகரின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "தெரிந்த பாட்டு ஏதாவது பாடச் சொல்றாங்க" என்று பாடகர் மைக்கில் சொன்னார். பிறகு, "அடுத்த பாட்டைப் போன சனிக்கிழமை நுங்கம்பாக்கத்துல பாடினோம், அதனால தெரிஞ்ச பாட்டுதான்" என்று சேர்த்தார். பின்னால் நின்றிருந்த நாங்கள் ஆரவாரம் செய்தோம். மேசைகளில் இருந்த சிலரும் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார்கள்.

தெரிந்த பாட்டைக் கேட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மெல்லிசைக் குழு என்றால் சினிமாப் பாடலை அச்சு அசலாக வாசிக்கிறவர்கள் என்று கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் பார்த்துப் பழகிய ஊர் இது. அந்தக் கலைஞர்களின் திறமை சாதாரணமானதல்ல. ஆனால் கிடாரோடு வருகிற எல்லோரிடமும் அதையே எதிர்பார்க்கும்போது, சொந்தப் பாடலைக் கொண்டுவருகிறவர்களுக்கு ஊரில் இடமில்லாமல் போய்விடுகிறது.

ஜூலை 22

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, விடுதி நிகழ்ச்சிகளே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லமாட்டேன். யோசித்துப் பார்த்தால், விடுதியில் அவர்கள் வாசித்ததில் ஓர் இறுக்கம் இருந்தது. கேட்காதவர்களைக் கேட்க வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அது. பாடல்களுக்கிடையே பேச்சைக் குறைத்தார்கள், ஒன்றின் வால் அடங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கினார்கள். அன்பான கூட்டத்தின் முன் மட்டுமே வாசிக்கும் குழுவுக்கு இந்த இறுக்கம் வராது. மேலும், பணம் என்று பார்த்தால் விடுதிதான் பேசிய தொகையைத் தருகிறது. மற்ற இடங்களில் ஒலிபெருக்கி வாடகை, டிரம்ஸ் வாடகை, வண்டிக் கூலி போனால் கையில் மிஞ்சுவது சொற்பம். நுழைவுச்சீட்டை ஏற்றலாமே என்றால், இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரையிலான கட்டணத்துக்குத்தான் ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். கேள்வி கேட்ட வாசகர் குறிப்பிட்ட நானூறு ரூபாய் இந்தக் கணக்கில் வருவது.

ஜூலை 28

மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடி. மாலையில் வானம் கறுத்து, நல்ல வேளையாக நாலு தூறலோடு ஒதுங்கிவிட்டது.

மொட்டை மாடியில் சுவர் இல்லை, கூரை இல்லை. திரும்பி வர எதுவும் இல்லாததால் பேஸ் ஓசை காற்றோடு போய்விடுகிறது. நான்கு பேரும் மெலிந்து கேட்டார்கள். கம்பளம் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்பதால், ஒவ்வோர் உதைக்கும் கிக் டிரம் சிமெண்ட் தரையில் முன்னால் நகர்ந்தது. இரண்டாவது பாடலின்போது, வீட்டுக்காரரின் மகன் ஓரத்தில் கிடந்த ஹாலோ பிளாக் கல் ஒன்றைத் தூக்கிவந்து டிரம்முக்கு முட்டுக் கொடுத்தான். பாடல் நிற்கவில்லை.

நான் கவனித்த மற்றொன்று, இளம் குழுக்கள் அனைவரும் அறிய வேண்டியது. கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்கு மாடிப்படி ஓரத்து பிளக்கிலிருந்தும், மிக்ஸருக்குக் கீழ்வீட்டிலிருந்து இழுத்த ஒயரிலிருந்தும் மின்சாரம் எடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் எர்த் வேறு. முதலில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டது. உறுமல் வெறும் தொல்லை. அதன் பின்னால் இருக்கும் ஆபத்து பெரிது. கிடார் வாசித்தபடியே பாடுகிறவரின் விரல் கம்பியில், அதாவது ஆம்ப்பின் எர்த்தில் இருக்கிறது. உதடு மைக்கின் உலோக வலையில், அதாவது மிக்ஸரின் எர்த்தில் படுகிறது. இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் அது பாய்கிற வழி அவருடைய உடல்தான். பாடகர் பாடுவதற்கு முன்பு, கிடாரின் கம்பி நுனியை மைக்கின் வலையில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தார். சிறிய பொறி தெறித்தது. உடனே எல்லாவற்றையும் அணைத்து, ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இரண்டையும் சேர்த்து, மைக்குக்கு நுரை உறையும் போட்டபின்தான் தொடங்கினார்கள். அரை மணி நேரம் தாமதம். கூட்டத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. ஈரமான மாடியில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு அந்த அரை மணி நேரம் உயிர்க்காப்பு.

அந்தத் தாமதத்தால் கடைசி இரண்டு பாடல்கள் பாடப்படாமல் போயின. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே வரம்பு 55 டெசிபல்தான். அக்கம்பக்கத்தாரிடம் முந்தைய நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்கள்; எதிர்வீட்டு அம்மா தம் மாடியில் நாற்காலி போட்டுக் கேட்டார். பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குழு தானாகவே நிறுத்தியது. அடுத்த முறையும் அந்த மாடி கிடைக்க வேண்டுமானால் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

ஜூலை 30

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்பது அவமதிப்பு என்று ஒருவர் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. பஞ்சு பயன்படாது என்பது வேறு விஷயம். இசை கேட்பதற்கென்றே செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன, அவை ஒலியை மழுக்காமல் அளவை மட்டும் குறைக்கின்றன. இசை நடக்கும் இடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரம்பு வகுத்திருக்கிறது. சிறிய அறையில் டிரம்ஸுக்கு மைக்கே வைக்காவிட்டாலும், அருகில் இருப்பவர் காதில் அது அந்த எல்லையை எளிதில் தொடும். நிகழ்ச்சி முடிந்தபின் காதில் "ஙொய்" என்ற ஒலி கேட்பது கொண்டாட்டத்தின் அடையாளம் அன்று. காது பட்ட துன்பத்தின் அடையாளம். குழுவின் டிரம்மரே இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்.

ஆகஸ்ட் 5

சென்னையில் ராக் இசைக்கு வரலாறே இல்லை என்பது போல ஒருவர் எழுதியிருப்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஐஐடி மெட்ராஸின் திறந்தவெளி அரங்கில் சாரங் விழாவின் ராக் இரவுகளுக்காக வெளியூர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்த காலம் உண்டு. 2009இல் ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் குழு அங்கே வாசித்தது. அன்வைண்ட் சென்டர் என்ற இசை மையம் நடத்திய ஜூன் ராக் அவுட் விழாவில், ஊரின் இளம் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. ஸ்க்ராட், தி எஃப்16ஸ் போன்ற குழுக்கள் இந்த ஊரிலிருந்தே வெளியே போய்ப் பெயர் வாங்கின. குரங்கன் என்ற குழு தமிழில் பாடியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், சாதியை நேருக்கு நேர் பேசும் வரிகளோடு வந்தன. இன்று தமிழில் பாடும் ஒரு ராக் குழுவுக்கு, "இது நம் மொழியில் எடுபடுமா" என்ற தயக்கம் இல்லாமல் போனதில் இவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பெரிய இரவுகள் நினைவில் நிற்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தப் பெரிய மேடைக்குப் போகிற பாடல், அதற்கு முன் எத்தனையோ சிறிய அறைகளில் அடிபட்டு, உருமாறித்தான் போகிறது. அந்த அறைகளைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை. நான் இங்கே தேதியிட்டு எழுதிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம்.

ஆகஸ்ட் 11

நேற்று மறுபடியும் அடையாறு காபிக்கடை. அதே கண்ணாடிச் சுவர், அதே கம்பளம். ஸ்னேரின் கிறுகிறுப்புக்கு இப்போது தீர்வு கண்டிருக்கிறார்கள்: டிரம்மின் சுருதியைச் சற்று ஏற்றி, பேஸ் ஆம்ப்பை எதிர்மூலைக்கு மாற்றிவிட்டார்கள். அதிர்வு முற்றிலும் போகவில்லை, ஆனால் விசையை இறக்கி ஏற்றும் வேலை இல்லை.

ஏழு அட்சரப் பாடல் தொடங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் சரணம்வரை பழையபடி நான்கும் மூன்றும். இரண்டாம் சரணத்தில் டிரம்மர் அழுத்தத்தை மாற்றி, மூன்றும் நான்குமாக வாசிக்கத் தொடங்கினார். பேஸ் பழைய பிரிவிலேயே நின்றது. நுங்கம்பாக்கத்தில் மேடைக்கும் நாற்காலிகளுக்கும் இடையே தற்செயலாக எழுந்த உரசல், இப்போது குழுவுக்குள்ளேயே, பாடலின் அமைப்பாகவே குடியேறிவிட்டது. கடைசிப் பல்லவியில் இருவரும் ஒரே பிரிவில் வந்து சேரும்போது, முழு அறையும் மூச்சை விட்டது போல இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்த டிரம்மரிடம் இதைக் கேட்டேன். "அண்ணா, அன்னிக்கு நீங்க எல்லாரும் தட்டினீங்களே, அதுக்கப்புறம் என்னால அதை வெறும் நாலு-மூணா வாசிக்க முடியல. ரிகர்சல்ல கூட அந்தத் தட்டு காதுல கேக்குது" என்றார். பேஸ் வாசிப்பவர் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளவில்லையாம். விடுதி பாரில் ஒரு முறை முயன்று குழம்பிப்போனார்களாம். அங்கே நின்றிருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை, அவ்வளவு நன்றாக மூடி மறைத்திருக்கிறார்கள்.

செப்டம்பரில் பாடல்களைப் பதிவுசெய்யப் போகிறார்கள். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவதா, நான்கு பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசிப்பதா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை. தனித்தனியாகப் பதிந்தால் சுத்தமாக இருக்கும், பிழைகளைத் திருத்தலாம். ஆனால் இரண்டு பிரிவுகள் உரசிக்கொண்டு போகும் அந்தப் பாடலை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தாளத்தை எண்ணித் தட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்தால் அது நிற்காது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒன்றையாவது சேர்ந்து வாசித்துப் பதியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாடகை வீட்டுப் பாடலின் முடிவைப் பற்றிப் பாடகருக்கும் எனக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை. நேற்று அவர் அதை மூன்றாவதாக ஒரு விதத்தில் முடித்தார்: கிடார் நின்றபின் பேஸ் மட்டும் நான்கு சுற்று தனியாகப் போனது. அது எனக்குப் பிடித்திருந்தது.

பதிவுக்கு முந்தைய கடைசி நிகழ்ச்சி ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, நுங்கம்பாக்கத்தின் அதே அரங்கில். வயது வரம்பு இல்லை. ஆறரைக்குக் கதவு திறக்கும், ஏழுக்குச் சரியாகத் தொடங்குவார்கள். நடுவரிசையில் இடம் பிடியுங்கள். அங்கேதான் வரிகள் தெளிவாகக் கேட்கும்.